மூன்று கொட்டேசன்

மங்கலம் ரோட்டில் எங்கள் சாயப்பட்டறை.
ஸ்டோர் ரூமில், உப்பு மூட்டைக்குப் பக்கத்தில்
துருவேறி இரைந்துகொண்டிருந்தது சர்வர்.
வைகாசியில் ஒரு பல்லி உள்ளே போய்ச் செத்தது.
அன்றைக்கு நாலு மணி நேரம்
எந்தக் கலர் எந்த மெஷினில் என்று
ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"மேகத்துல ஏத்திடலாமுங்க" என்றேன்.
சென்னியப்பன் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார்.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்ததெல்லாம்
எங்களைத் தாண்டி யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.
"இதுல எதைய நம்பறது?"

மூன்று கொட்டேசன் வாங்கினேன்.
புத்தகம் விற்று ஆரம்பித்தவன்.
ஜன்னல் விற்றுச் செழித்தவன்.
தேடிக் கொடுத்தே பெரிய ஆளானவன்.
கம்பெனிப் பெயர் சொன்னால் அண்ணன் மறந்துவிடுவார்,
எக்செல்லில் இப்படியேதான் எழுதிவைத்தேன்.

புத்தகக்காரனிடம் இல்லாத சாமானே இல்லை.
கண்ணபுரம் மாட்டுச் சந்தைதான்:
கயிறு வாங்கப் போனவன்
சோடிக் காளையோடு திரும்பி வருவான்,
கடனோடும்.

ஜன்னல்காரன் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறான்.
மெயில் அவனுடையது.
அவனையும் சேர்த்து எடைபோடும் இந்தக் கட்டங்களும்
அவனுடையவை.
பழைய லைசென்சுக்குக் கழிவு உண்டு என்கிறான்
சம்பந்தி மாதிரிச் சிரித்து.

தேடுகிறவன் கணக்கில் கெட்டி.
டெமோவுக்கு வந்த பையன்
எங்கள் ஷேடு ரிப்போர்ட்டை எல்லாம் ஏற்றிவிட்டு,
இந்தப் பாசிப்பச்சையைத் திரும்பச் சாயம் போட்டது
எத்தனை தடவை என்று கேட்டான்.
மூணு வினாடி.
நாற்பத்தொன்று.
டையிங் மாஸ்டர் பொன்னுரங்கம் எழுந்து
டீ குடிக்கப் போய்விட்டார்.

மூவருமே முதலில் கொஞ்சம் சும்மா தருகிறார்கள்.
புதுக்கடை திறந்தால் மொத நாள் டீ
சும்மாதானே.

பங்குதாரர் சம்பூரணம் அக்கா,
லாரித்தண்ணிக் கணக்கு அவரிடம்தான்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:
"உள்ள போட எத்தனை, வெளிய எடுக்க எத்தனை?"

உள்ளே போட யாரும் காசு கேட்கவில்லை.
எடுக்கும்போதுதான் மீட்டர்.
மூன்று பேருக்கும் போன் போட்டேன்.
ஒருத்தர், மொத்தமாய்க் காலி பண்ணினால் விட்டுவிடுவோம்,
முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்றார்.
ஒருத்தர், "ஏன் சார் வெளிய போறீங்க?" என்றார்
இன்னும் உள்ளேயே வராதவனிடம்.
ஒருத்தர் லிங்க் அனுப்பினார்.

"கண்ணாலத்துக்கு முன்னாலயே
தீத்துவிடறதப் பேசறயே" என்றார் அண்ணன்.
"கோர்ட்டு பட்டறையப் பூட்டச் சொன்ன வருசம்
இங்கிருந்து நம்மால எதைய
வெளிய எடுக்க முடிஞ்சுது?" என்றார் அக்கா.

அப்புறம் யாரும் பேசவில்லை.
உள்ளே ஏதோ ஒரு மெஷின்
தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஜன்னல்காரன்.
சென்னை பக்கம், அதனால் என்று ரிப்போர்ட் எழுதினேன்.
உண்மையில், லிங்க் அனுப்பாமல் நேரில் வந்தது
அவன் ஆள் ஒருத்தர்தான்.
வெள்ளைச் சட்டையில் மயில்நீலம் தெறித்தும்
துடைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.
ஆனாலும் இன்னொரு பிரதி
அக்கா வீட்டுப் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில்.
அதற்கு வாடகை இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ஏற்ற ஆரம்பித்தோம்.
அறுபத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
ஜெனரேட்டரும் எடுக்கவில்லை.
கேட்டில் தண்ணி லாரி.
டிரைவர் சீட்டை நீட்டினார்:
பன்னிரண்டாயிரம் லிட்டர், இறக்கியாச்சு.
செல்போன் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டு
மேலே பார்த்தேன்.
ஒரு நட்சத்திரம் இல்லை, அத்தனை மேகம்.
ஒரு சொட்டும் இல்லை.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது.
பூஜ்யத்திலிருந்துதான் என்று உட்கார்ந்தேன்.
அறுபத்திரண்டு என்றது திரை.
விட்ட இடம் அதற்குத் தெரிந்திருந்தது.
மூன்று கொட்டேசனிலும்
இதை யாரும் எழுதியிருக்கவில்லை.