அரைக் கைப்பிடி

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
அன்றும் மழை. சபை மண்டபக் கூரை ஒழுகியது.
வாளி வைத்தோம்;
அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஏப்ரல் சீசனுக்கு மணிக்கூட்டுக் கோபுரம்
பச்சையா நீலமா,
இரண்டு மணித்தியாலம்.
நிஸ்தார் பச்சை என்றார். தவிசாளர் நீலம்.
ரோல்ஸ் வந்தது, பிளேன்டீ வந்தது, நீலம் வென்றது.

ஏழாவது விடயம்: மூன்றாம் டிவிஷன் மதகு.
சந்தனமேரி எழுந்து ஒரே வசனம்:
"போன கிழமை அதுல விழுந்தது நான்தான்."
அவர் முழங்கைக் கட்டைப் பற்றி
அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

மதகு சபையுடையது என்கிறது தோட்டம்.
தோட்டத்துடையது என்கிறது சபை.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடா பிடித்து
பாதி பாதி என்றார்.
ஆக, எங்கள் பாதிக்கு மட்டும் கைப்பிடி.
ஏகமனதாக. எழுதினேன்.

பங்குனியில் பில் சரிபார்க்கப் போனேன்.
இரும்புக் குழாய்,
கோபுரத்தில் மிஞ்சிய நீலப் பெயின்ட்,
ஓடைக்கு நடுவே வெட்டென நிற்கிறது.
அந்த நுனியிலிருந்து மறுகரை வரை
மட்டக்கம்புகளைக் கோத்து
கொழுந்துச் சாக்குக் கயிற்றால்
யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

இரண்டையும் பிடித்து அசைத்துப் பார்த்தேன்.
இரும்புதான் ஆடியது.