எட்டே கால் அடி

திருச்செங்கோட்டில் வண்டி கிளம்பும்போது
நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம்.
பள்ளத்தூருக்கு இது பதினோராவது தடவை.
போன பத்தில் ஏழு புகை.
தண்ணீர் வராத குழிக்கு
எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

ஊருணிக் கரையில் வளையும்போது பார்த்தேன்.
காய்ந்த ஊருணிக்குள்
நிற்கின்றன குழாய்கள்.
சாம்பல், நீலம், வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள்.
ஒன்று என் இடுப்புக்கு,
ஒன்று என் தலைக்கு மேல் இரண்டு சாண்.
நூற்று நாற்பது என்று பிறகு சொன்னார்கள்.
நான் எண்ணவில்லை.

சுக்ராம் வண்டியை நிறுத்தச் சொன்னான்.
பஸ்தர் பையன். தமிழில்
அடிக்கணக்கு மட்டும் பிசகாது.
"அண்ணே, எழுநூத்தி எண்பது."
வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது.
அதன் கீழே:
சாத்தப்பன் வீடு, பின்கட்டு, சித்திரை.

அந்த எழுநூற்று எண்பதையும் ஓட்டியவன் நான்.
பாக்கி நாலாயிரம் இன்னும் வரவில்லை.

உமையாள் என்று ஒரு பெண்,
முழங்கால் வரை செம்மண்.
தோற்றுப்போன போர்களில் உருவிய குழாய்களை
காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
கிலோ பதினெட்டுக்கு எடுத்தாளாம்.
"நூறடி ஆழத்துக்கு ஓரடி உயரம்,
அந்தக் கணக்குக்கு அறுத்து நட்டிருக்கேன்."
சிமெண்ட் ஒரு சட்டி கூட இல்லை.
இடித்த வீடுகளின் காரைக்கட்டி,
உடைந்த ஆத்தங்குடிக் கல்,
பொத்தல் விழுந்த எனாமல் தூக்கு
எல்லாம் காலடியில் இறுக்கிக் கிடந்தது.
"எதுக்கும்மா இது?"
"பாக்கத்தான்."

பார்த்தேன்.
காற்று வந்தது.
குட்டைக் குழாய் கீச்சென்றது,
நெட்டைக் குழாய் அடித்தொண்டையில் முனகியது.
ராத்திரித் தூக்கம் போச்சு என்று
தெருவே பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது.
சாத்தப்பன் நேரில் வந்து கத்தினார்:
"எங்க போர் ஊத்திக்கிட்டது ஊருக்குத் தெரிஞ்சா
வீட்டை எவன் வாங்குவான்?"
அவள் பெயரை அழித்தாள்.
ஆழத்தை அழிக்கவில்லை.

எங்கள் வேலை அடுத்த தெருவில்.
ஐந்நூற்று இருபதில்
பிட்டு சூடாகி நிறுத்தினோம்.
அன்றைக்கு ராத்திரி மழை.

குழாய் ஏற்றிய டிராக்டர் உள்ளே இறங்க
வழி வேண்டுமென்று
வரத்துக்காலில் மண்டிய கருவேலத்தை
ஆள் விட்டு வெட்டியிருந்தாள்,
பத்து வருஷத்துப் பாலித்தீனை வாரியிருந்தாள்.
அவள் யோசித்தது டிராக்டரை.
தண்ணீருக்கு அதெல்லாம் தெரியாது.
ஓட்டுச் சரிவில் இறங்கி,
பூட்டிக் கிடக்கும் வளவுகளில் விழுந்து,
வாசல் வடிகாலில் தட்டுத்தடுமாறி,
தெருவோடு தெருவாக வந்து
திறந்திருந்த இடத்தில் நுழைந்துவிட்டது.

விடிந்து போய்ப் பார்த்தால்
எழுநூற்று எண்பதின் காலில்
ஒரு சாண் தண்ணீர்.
அவள் கணக்குக்கு எழுபத்தைந்து அடி.
குழாய்கள் தொண்டை கட்டிக்கொண்டாற்போல்
வேறு குரலில் பேசின.
அறுநூற்று நாற்பதுக்குள் ஒரு தவளை.

கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார்:
"இன்னும் முந்நூறு ஓட்டுப்பா."
மழை பெய்திருக்கிறது என்றேன்.
"அதுக்கென்ன?"
அதற்கென்ன.
காசு கொடுப்பவர் அவர்.
ஓட்டினேன்.
எண்ணூற்று இருபத்தைந்தில் கைவிட்டோம்.
நனைந்த தெரு முழுக்க
வெள்ளையாகப் புகை படிந்தது.

சாயங்காலம் அவளே வந்து கேட்டாள்.
எட்டே கால் அடி அறுத்தேன்.
எண்ணை நானே எழுதினேன்.
பெயர் எழுதவில்லை, கிலோ பதினெட்டை
வாங்காமலும் விடவில்லை.
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
சுக்ராமும் நானும் குழாயோடு இறங்கினோம்.

மண் இளகியிருந்தது.
கம்ப்ரசர் இல்லை, பிட்டு இல்லை.
இரண்டு கையாலும் அழுத்தினேன்.
இறங்கியது.
அரை அடி போயிருக்கும்,
பழக்கதோஷத்தில் சுக்ராம்
ரிக்கில் நின்று கத்துவதுபோல் கத்தினான்:
"அண்ணே, தண்ணி!"