எண்பது மீட்டர்

கார் நிறுத்துமிடத்தில் ஐந்து பேர்.
டூகல் ஜீன்ஸில் வந்திருக்கிறான்.
என் பையில் எப்போதும் ஒரு கூடுதல் கால்சட்டை இருக்கும்,
யாருக்கென்று தெரியாமலே மடித்து வைப்பது.
வண்டிக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டான்.
பனியைவிட வெளுப்பு அவன் தொடை என்று
சிரித்தாள் இஷ்பெல்.
லோக்கன் தம்பதி சிரிக்கவில்லை.
அவர்கள் அவிமோரிலிருந்தே பேசிக்கொள்ளாமல் வந்தவர்கள்.

மணி எட்டே முக்கால். விடிந்தும் விடியாத சாம்பல்.
மூன்றே முக்காலுக்கு இருட்டிவிடும் என்றேன்.
யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

சரிவில் அவர்களை விழச் சொன்னேன்.
வேண்டுமென்றே. மல்லாந்து, குப்புற, தலைகீழாக.
பனிக்கோடரியை மார்போடு அணைத்து
சறுக்கலை நிறுத்தப் பழகும் ஒரு மணி நேரம்.
கணக்காளர் கென்னா மட்டும்
ஒன்பதாவது முறையும் ஏறி வந்தாள், விழுவதற்கு.

பிறகு மேகம் இறங்கியது.
இறங்கியது என்பதும் சரியில்லை,
மேல் கீழ் என்று எதுவும் மிச்சமில்லை.
பால் பாத்திரத்துக்குள் ஆறு கரண்டிகள்.
பனியைப் பந்தாக உருட்டி முன்னால் எறிந்தேன்:
பந்து கிடந்தால் அங்கே நிலம்.
எறிந்தேன், நடந்தோம். எறிந்தேன், நடந்தோம்.
ஒரு பந்து
கிடக்கவில்லை.

நின்றேன்.
பின்னால் ஐந்து ஜோடி பூட்ஸும் நின்றன.
காற்றில் தொங்கும் பனிவிளிம்பு
எங்கள் காலுக்கு முன்னால் தொடங்குகிறதா, பின்னாலா?
"என்ன?" என்றான் டூகல்.
"தேநீர்" என்றேன். "இங்கே இல்லை.
வந்த தடத்திலேயே, மெதுவாக."
திரும்பியபோது பார்த்தேன்,
திருமதி லோக்கனின் பைவாரைப் பிடித்திருந்தார் கணவர்.

உச்சிக்கு இன்னும் எண்பது மீட்டர்தான் ஏற்றம்.
அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
இஷ்பெல்லுக்கு இன்று நாற்பது வயது,
மேலே நின்று ஊத ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தாளாம்.
பாறை மறைவில் குந்தி ஏற்றப் பார்த்தோம்.
ஏழு தீக்குச்சி.
பற்றிய ஒரு நொடியைக் காற்று ஊதியது.
"அதுவே போதும்" என்றாள், முகம் கொடுக்காமல்.

கார்களிடம் வந்ததும் எண்ணினேன். ஐந்து.
மறுபடி எண்ணினேன்.
கென்னா அருகில் வந்து கேட்டாள்:
"அந்தக் கடைசிப் பந்து விழுந்த சத்தம் கேட்டதா?"
"இல்லை."
"எனக்கும்."
பிறகு கேட்காமலே சுரண்டத் தொடங்கினாள்
என் கார்க் கண்ணாடியில் உறைந்ததை.

டூகல் என் கால்சட்டையோடே போய்விட்டான்.