மடிக் கணக்கு

விடியக்காலை நாலரைக்கு எழுந்து
இன்றைக்கும் கறந்தோம்.
கறக்காவிட்டால் மடி கல்லாகிவிடும்.
சுகாதாரத் துறையின் கடிதத்தை
மாட்டுக்கு யார் படித்துக் காட்டுவது?

அறுபத்திரண்டு பசுக்கள்.
டேங்கர் வராத பதினேழாவது நாள்.
ரெஜிஸ் குழாயைத் திருப்பிவிடுகிறான்.
சாணிக் குட்டைக்குள் இறங்குகிறது பால்,
மார்ச் மாதத்துப் பழம்பனியைவிட வெள்ளையாக,
ஆவி பறக்க.
வேலியோரம் வந்து உட்கார்ந்த பூனைகள்
எங்களைப் பார்க்கின்றன,
புத்தி பேதலித்தவர்களைப் பார்ப்பதுபோல.

காசு கொடுத்து வாங்கியதில்லை அதை.
எண்பத்தாறில், ரெஜிஸின் அப்பா காலத்தில்,
ஆற்றங்கரைக் காகித ஆலையிலிருந்து
லாரி லாரியாக வந்தது கழிவுச்சேறு.
உரம் என்றார்கள்.
மெய்ன் மாநில முத்திரை குத்திய தாளும் கொடுத்தார்கள்;
இன்னும் இருக்கிறது, பைபிளுக்குள்.
அழுகிய முட்டை நாற்றம் ஒரு வாரம்தானாம்.
மூன்றாம் வருஷம் புல் இடுப்பளவு நின்றதும்
அர்மாண்ட் ஒரு பெட்டி ஆப்பிளை
ஆலை வாசலில் கொண்டுபோய் வைத்தாராம்,
நன்றி சொல்லி.

மண் எடுக்க வந்த பெண்
நல்ல மழையில்
மழைக்கோட்டைக் காரிலேயே கழற்றிவைத்தாள்.
அந்தத் துணியிலும் அதே ரசாயனம் இருக்கிறதாம்,
மாதிரி கெட்டுவிடுமாம்.
நனைந்துகொண்டே தோண்டினாள்.
நான் குடை பிடிக்கப் போனேன்.
வேண்டாம், குடையிலும் இருக்கலாம் என்றாள்.

முட்டை ஒட்டாத வாணலியில் பூசுவது,
மை ஊறாத காகிதத்தில் தடவுவது.
எதிலும் ஒட்டவிடாத பொருள்
எங்களிடம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிறகு எங்கள் ரத்தம்.
நாலு எண்கள், ஒரே உறையில்.
ரெஜிஸுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
எமிலுக்கு நூற்று நாற்பது, அவனுக்கு ஒன்பது வயது.
டெல்ஃபினுக்கு அறுபத்தொன்று.
எனக்கு வெறும் ஐம்பத்து மூன்று.
"நீதான் பாஸ்" என்றான் ரெஜிஸ்.
சிரித்தோம்.
சொல்ல வெட்கமாயிருக்கிறது,
அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை நர்ஸ் போன் செய்தாள்.
மிஸஸ் தெரியோ, எத்தனை பிள்ளைகள்?
இரண்டு.
பால் கொடுத்தீர்களா?
கொடுத்தேன்.
மூத்தவனுக்குப் பதினான்கு மாதம், என் பால் மட்டும்தான்,
சின்னவளுக்கு நாலு மாதத்தில் மார்பு கட்டிக்கொண்டது என்று
கேட்காததையும் சொன்னேன்,
பெருமையாகவே சொன்னேன்.
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு மெதுவாக,
"முதல் குழந்தைக்குத்தான் அதிகம் போகும்" என்றாள்.

போன வாரம் கால்நடை டாக்டரும்
இதையேதான் சொன்னார், நாற்பத்தொன்றாம் நம்பரைத் தட்டிக்கொடுத்து:
கன்று போட்ட மாட்டுக்கு அளவு இறங்கும்,
நல்ல செய்திதான்.

கடையில் பால் வாங்கினேன்.
கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவை,
இருபது மைல் தள்ளி, தெரிந்த முகம் இல்லாத ஊரில்.
எமில் அதைச் சோளப்பொரியில் ஊற்றி
இது தண்ணியா இருக்கும்மா என்றான்.
நம்ம பால் எப்ப வரும்?
கழுவிய கிண்ணத்தையே
திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி
நாற்பத்தொன்று கன்று போட்டது.
பொட்டைக் கன்று, நெற்றியில் கோணலாய் ஒரு சுட்டி.
எழுந்து விழுந்து எழுந்து
நேரே மடிக்குப் போனது.
தாய் ஒதுங்கி நின்று இடம் விட்டது.

மாவுப்பால் புட்டியோடு நான் நடுவில் புகுந்தேன்.
கன்று என்னை முட்டியது.
ரப்பர் காம்பைத் துப்பியது.
கடைசியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு
சப்பத் தொடங்கியது,
ஒன்றும் வராத விரலை,
அவ்வளவு பலமாக.

ரெஜிஸ் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டான்.
விரலை எடுக்கவில்லை நான்.