கச்சான்

மூதூர்ப் படகின் டிக்கெட் நிரலில்
ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச்சொல்:
கச்சான்.
அது மூன்றைத் தாண்டினால் பயணம் ரத்து.

காற்றா, கடலையா?
எழுதிய ஷர்ஃபினா இப்போது தோஹாவில்.
குறிப்பென்று ஒரு வரி இல்லை.

பெயரை அழித்துப் பூனை என்று போட்டேன்.
பூனை மூன்றைத் தாண்டினால் பயணம் ரத்து.
ஓடியது. அதே விடை.
இயந்திரத்துக்கு அந்தச் சொல் தேவையாக இருக்கவில்லை,
எனக்குத்தான்.

இறங்குதுறையில் டிக்கெட் கிழிக்கும் குணசுந்தரி
கடலைப் பார்த்தாள்,
பிறகு பின்தட்டு மூட்டைகளை.
"ரெண்டில எது கூடினாலும் தாழும்தானே."

திரும்பி வந்து
பூனையை எடுத்துவிட்டுக் கச்சானையே வைத்தேன்.
பக்கத்தில் விளக்கம் எழுதத் தொடங்கி
மூன்று தரம் அழித்தேன்.

வெளியே, பஸ் நிலையத்தில்,
ஒரு மான் வெறும் சரையை மோந்தது.
சரை நகர்ந்தது.
மான் பின்னாலேயே போனது.