வருகையின் நோக்கம்

ஒன்பது வண்டியில் நான் ஒன்பதாவது.
பஞ்சர் பெட்டி, செயின் ஆயில், முதலுதவிப் பை
எல்லாம் என்னிடம்.
நெய்யூரில் நர்ஸாக இருப்பதால்
விழுகிறவர்களுக்குப் பின்னால் வரச் சொன்னார்கள்.
ஆகவே நான் பார்த்த நேபாளம்
ஜெபசிங்கின் பின்விளக்கு.
நான் பார்த்த பூட்டான்
அதே விளக்கு, கொஞ்சம் பனிக்குள்.

முன்பும் எல்லை தாண்டியிருக்கிறேன்.
ரியாத், அப்புறம் மஸ்கட்.
நோக்கம் என்ற கட்டத்தை
ஏஜென்டே நிரப்பித் தந்தான்: வேலை.
உண்மைதான். கான்கிரீட் போட, ஷைனியின் ஃபீஸ் கட்ட,
வட்டி கட்ட, வட்டிக்கு வட்டி.

காக்கர்பிட்டாவில்
அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவில்லை.
சும்மா என்று எழுத வந்தது.
அதற்கு அந்த ஊரில் முத்திரை இருக்காது.
சுற்றுலா என்று எழுதினேன்,
பக்கத்து வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு
கல்யாணத்துக்குப் போனதுபோல்.

திம்பு தாண்டி மேகத்துக்குள்
சஜுகுமாரின் வண்டி மூச்சை நிறுத்தியது.
மூன்று மணி நேரம் கழற்றினோம்.
கன்னம் சிவந்த ஒருத்தி
கேட்காமலே டம்ளர்களோடு இறங்கி வந்தாள்.
கட்டஞ்சாயா என்று நம்பி சஜு ஒரே மூச்சில் இழுத்தான்.
உப்பு. வெண்ணெய்.
அவன் முகம் போன போக்கில்
அவளும் நாங்களும் ஒரே பாஷையில் சிரித்தோம்.
அந்த வண்டி இப்போது ரயில் பார்சலில்.
அவன் வில்பிரட் அண்ணனின் பின்சீட்டில்.

காவல்கிணறு கழிந்ததும் காற்று
தோளைப் பிடித்து இழுத்தது.
ஆரல்வாய்மொழியில் அப்படித்தான்,
நேராகப் போவதற்கு
சாய்ந்து ஓட்ட வேண்டும்.
காற்றாலைக்குக் கீழே அந்தி இறங்கும் நேரம்
ஏழு வண்டிகளை விட்டுவிட்டு
எட்டாவதை மறித்தார் ஏட்டு.

புகை சர்டிபிகேட் காலாவதி.
பாரோவில் நான் குறட்டை விட்ட ஓர் இரவில்
அது முடிந்துபோயிருக்கிறது.

"எங்க போயிட்டு வாறிய?"
"நேபாளம். பூட்டான்."
"எதுக்கு?"
"சும்மா."
"சும்மாவா?"
ஒரு நிமிஷம் ரோட்டையே பார்த்தார்.
"சரி" என்றார்.
விளக்கம் கேட்கவில்லை.
அபராதம் மட்டும் எழுதினார்.

பர்ஸில் தேடினால்
மலை போட்ட நோட்டு, டிராகன் போட்ட நோட்டு,
ஒன்றும் இங்கே செல்லாது.
டிராகனை விளக்கில் பிடித்துப் பார்த்து
"பயலுக்கு" என்று சட்டைப்பையில் வைத்தார்.
அபராதம் அப்படியேதான் நின்றது.

அப்போது பார்த்தேன்,
தோவாளைப் பக்கமிருந்து
ஏழு முன்விளக்குகள் திரும்பி வருகின்றன.
இத்தனை ஆயிரம் கிலோமீட்டரில்
அவர்களின் இந்தப் பக்கத்தை நான் கண்டதேயில்லை.
கண் கூசியது.
கையால் மறைத்துக்கொண்டே எண்ணினேன்,
பழக்கதோஷம்,
யாராவது விழுந்திருக்கிறார்களா என்று.