மூவாயிரம் குடைமிளகாய்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றவர்
நாற்றுப்பண்ணை வைத்திருக்கவில்லை.
வைத்திருந்தால் வெருலத்துக்கு மேற்கே
கரும்புக்காட்டை ஒட்டிய எங்கள் நிழல்வலைக்கடியில்
குனிந்து பார்த்துச் சொல்லட்டும்
எது குடைமிளகாய், எது மிளகாய் என்று.
இரண்டுக்கும் அதே வேல்முனை இலை,
அதே பச்சை,
வெயில் ஏறினால் அதே சோர்வு.

நான் விற்பது காய் அல்ல,
நாற்பத்தைந்து நாள்.
தென்னைநார்த் தூளும் பைன் மரப்பட்டையும் கலந்து
இருநூறு குழித் தட்டில்
குழிக்கு ஒரு விதை.
ஒரு விதையே ஒரு ராண்டு ஆகிறது,
தும்மக்கூடப் பயமாயிருக்கும்.
காய்க்கும்போது அது வேறு யாருடையதோ.
நான் பார்ப்பதில்லை.

அது ஆகஸ்ட், ஆறு மணிக்கே இருட்டு,
மின்வெட்டு நான்காம் நிலை.
தோகோசானி விதைத்துவிட்டு
கடைசி டாக்ஸியைப் பிடிக்க ஓடினான்.
பதினைந்து தட்டு இது, பதினைந்து தட்டு அது.
செல்போனை வாயில் கவ்வி
அந்த வெளிச்சத்தில்
சீட்டு எழுதிச் செருகியவள் நான்.

டிசம்பரில், லிச்சி சிவந்திருந்தபோது,
இனாண்டாவிலிருந்து ம்கீஸே வந்தார்.
கத்தியிருந்தால் தேவலை.
தொப்பியைக் கழற்றி என் மேசையில் கவிழ்த்தார்.
விரல் நீளம், நுனி வளைவு,
பளபளவென்று
பச்சை மிளகாய்.
"லோகீ, சூப்பர்மார்க்கெட்காரன் என்னிடம் கேட்டது
கைப்பிடி நிறையும் காய்."

என் வாய் முந்திக்கொண்டது:
"விதைத்தது தோகோசானி."
குழாயடியில் நின்றிருந்தவன் காதில்
விழுந்துவிட்டது.

மறுநாள் காலை அதே மேசையில்
ஒரு வெள்ளைச் சீட்டு.
ம்கீஸே திருப்பி அனுப்பிய காலித் தட்டில் கிடந்ததாம்.
மண் போகக் கழுவி, துடைத்து,
நேராக வைத்திருந்தான்.
குடைமிளகாய், ஏழு, ஆகஸ்ட்.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள்
இந்தப் பண்ணையில் நான் ஒருத்திதான்.

அவன் மொழியில் மன்னிப்புக் கேட்கும் சொல்லுக்குள்
கன்னத்தோரம் ஒரு நாச்சொடுக்கு உண்டு,
வண்டிக்குதிரையை விரட்டுகிறாற்போல.
எனக்கு அது வருவதில்லை.
மூன்று தடவை முயன்றேன்.
நாலாவதில் ஹ்லெங்கி சிரித்துவிட்டாள்.
அவன் சிரிக்கவில்லை.
"தக்காளிக்குத் தண்ணீர் விடணும்," என்று போய்விட்டான்.

ம்கீஸேக்குப் பாதி பணமாக,
பாதி முட்டைக்கோஸ் நாற்றாகத் தீர்த்தேன்.
தீர்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது:
மாறினால் இரண்டுமல்லவா மாறியிருக்கும்?
மிளகாய் என்று எழுதிய பதினைந்து தட்டும்
சனிக்கிழமைச் சந்தையில்
பத்துப் பத்தாகப் போயிற்றே,
பீனிக்ஸுக்கு, டொங்காட்டுக்கு, ஸ்டாங்கருக்கு.
எத்தனை கொல்லையில் குண்டுகுண்டாய்க் காய்த்து
எத்தனை ஜாடி ஊறுகாயில் கிடந்து
யாருக்கும் உறைக்காமல் போயிருக்கும்.
ஒருவரும் திரும்பக் கொண்டுவரவில்லை.
மிஸஸ் சூரியமூர்த்தி மட்டும் போன் செய்தாள்:
"உன் மிளகாய் ரொம்ப சாது,
பேரன்கூட சாப்பிடுகிறான்,
அடுத்த வருஷமும் அதையே கொடு."
குறித்துக்கொண்டேன்.

இப்போது பென்சில்.
பேனா மை வெயிலில் வெளுக்கும், பென்சில் நிற்கும்.
தட்டுக்கு இரண்டு சீட்டு,
ஒன்று என் கையெழுத்து, ஒன்று தோகோசானியுடையது.
இரண்டும் ஒத்தால்தான் வண்டியேறும்.
ஒருநாள் ஒத்துப்போகவில்லை.
அவன்தான் சரி. ஒன்றும் சொல்லாமல்
என்னுடையதைப் பிடுங்கி
என் கையில் கொடுத்தான்.

பின்பக்கம் லிச்சிக் கிளைகளில்
பட்டையை வளையமாய்ச் சீவி
ஈரப்பாசி பொதிந்து எழுபது பதியம் கட்டியிருக்கிறோம்.
பதியம் தாய்மரமேதான், வேறாக வழியில்லை,
சீட்டே வேண்டாம் என்றேன்.
ஹ்லெங்கி கேட்கவில்லை,
எழுபதுக்கும் எழுதிக் கட்டினாள்.

இன்று காலை வடக்கு மேடையில்
ஜோடி ஜோடியாய் இலை விரித்திருப்பது முட்டைக்கோஸ்.
பூக்கோஸும் இப்படித்தான் இருக்கும்.
சீட்டு இரண்டும் முட்டைக்கோஸ் என்கின்றன.